வாலில் இரண்டு வெட்டு

கல்லின் மேல் முதல் சொட்டு அமிலம் பட்டதும் மீன் வாடை வந்தது.

மங்கையர்க்கரசி எழுந்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். அருங்காட்சியகத்தின் பின்வாசலில் மீன்காரர் யாரும் நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் காவலாளியின் சைக்கிள் மட்டும் சாய்ந்திருந்தது. திரும்பி வந்து கல்லருகே குனிந்து முகர்ந்தாள். கெட்டுப்போன வாடை அல்ல. விடியற்காலையில் கூடையின் மூடியைத் திறக்கும்போது எழுமே, அந்த ஈர வாடை.

அவள் அரியலூர்க்காரி. சுண்ணாம்புக் கல் சுரங்கங்களில் சிப்பிகளையும் சுறாப் பற்களையும் பொறுக்கி வளர்ந்தவள். கல்லுக்குள் கிடக்கும் உயிர்களின் உருவத்தைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பது அவள் தொழில். நாகர்கோவிலுக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. கல்லில் கந்தக வாடை வருவதுண்டு, மண்ணெண்ணெய் வாடையும் வருவதுண்டு. மீன் வாடை வந்ததே இல்லை. பிறந்ததிலிருந்து மீன் சாப்பிடாத தனக்கு மூக்கு ஏதோ விளையாட்டுக் காட்டுகிறது என்று எண்ணி, நெற்றித் திருநீற்றை ஒரு தரம் தொட்டுக்கொண்டு, அடுத்த சொட்டை விட்டாள்.

கல்லைக் கொண்டுவந்தவன் கிளீட்டஸ். மேற்கே மிக்கேல்துறையில் மீன் ஏலம் கூறுபவன். ஆளைவிடக் குரல் பெரிது. ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கி வந்து மேசைமேல் இறக்கினான்.

“மேடம், இதுக்குள்ள மீனு கெடக்கு. பொய்யில்ல, நீங்களே பாருங்க.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“வலை கட்ட முளை அடிக்கதுக்கு ஒரு கல்லு தேடினேன். இது கையில அம்சமா இருந்துது. நாலு அடி அடிச்சேன், ஓரம் பேந்துட்டு. பாத்தா முதுகு முள்ளு வரிசையா நிக்குது. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, கேட்டியளா.”

உருண்டு திரண்ட கறுத்த கல். உடைந்த ஓரத்தில் சீப்பின் பற்கள் போல முட்கள் தெரிந்தன. இப்படி ஒரு கல் உறைய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்றுதான் அவள் படித்திருந்தாள்.

“எங்க கிடைச்சுது?”

“கரையிலதான். நம்ம திட்டுக்கு நேரே. ஆடி அலை கொண்டு போட்டிருக்கு.”

“அந்தத் திட்டுல இருந்து உடைஞ்சு வந்ததா இருக்குமோ?”

“திட்டு மணலுக்க நெறத்துல இருக்கும் மேடம். இது கரிக்கட்டை மாதிரி இருக்கு. அது வேற, இது வேற.”

திட்டைப் பற்றி அவள் பத்திரிகையில் படித்திருந்தாள். கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. கருங்கல் கொட்டி ஓய்ந்த பிறகு, மணலைக் கல்லாக்கும் ஒரு நுண்ணுயிரைக் கடலடியில் தூவினார்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி என்று யாரோ சொல்ல, உறைமணல் என்றே பெயர் நிலைத்தது. பல துறைகளில் தூவியும் எங்கும் பிடிக்கவில்லை. மிக்கேல்துறைக்கு எதிரே மட்டும், அதுவும் தூவிய இடத்தில் அல்ல, அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு திட்டு எழும்பியது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு வீடும் கடலில் விழவில்லை. அதிதூதர் மிக்கேல் வாளை ஊன்றிய இடம் அது என்று ஜனங்கள் நம்பினார்கள். திருவிழாவுக்குத் திருவிழா வள்ளங்களில் பவனி போய்த் திட்டின் மேல் மாலை போட்டார்கள்.

கிளீட்டஸ் போகும்போது வாசலில் நின்று, “எனக்க பேரு போடுவியளா மேடம், கண்டெடுத்தவன்னு?” என்று கேட்டான்.

“பெருசாவே போடுறேன்.”

அவன் பற்கள் தெரியச் சிரித்தான்.

மங்கை கல்லை மணல் பையின் மேல் சாய்த்துவைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் வேலையைத் தொடங்கினாள். காற்றழுத்தத்தில் துடிக்கும் ஊசி உளியால் அரிசி முனையளவு அரிசி முனையளவாகக் கல்லை உதிர்த்தாள். உளி போக முடியாத இடத்தில் நீர்த்த அமிலம். எலும்பு தெரியும் இடத்தில் உடனே பசைநீர் தடவிக் காயவைப்பாள். மழை விட்டு வெயில் வந்து மறுபடியும் மழை தொடங்கும்வரை அந்த வேலை நடந்தது.

முதுகில் பத்துக் கடினமான முட்கள், பின்னால் ஒன்பது மெல்லியவை. அடியில் மூன்று முட்கள். கன்னத்தில் செதில் இல்லை. தாடையின் ஓரத்தில் சிப்பிகளை நொறுக்கும் உருண்டைப் பற்கள். இவை எல்லாம் சேர்ந்தால் விளமீன். இன்றைக்கும் கடலில் இருக்கிற மீன்தான். அதன் மூதாதை ஒன்று கிடைத்திருக்கிறது என்று அவள் குறித்துவைத்தாள். ஆனால் மூதாதைக்கும் இன்றைய மீனுக்கும் ஒரு சிறு வேறுபாடாவது இருக்கும். இதில் எதுவும் இல்லை.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். இது வெறும் எலும்பாக இல்லையே என்பதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. செவுளின் சிவந்த இழைகள் இருந்த இடத்தில் அதே இழைகள், கல்லாக. தோலில் வரிகள். கண்ணை மூடியிருந்த கடைசிக் கல்துகளை அவள் ஊதி அகற்றியபோது, கீழேயிருந்து ஒரு முழுக் கண் அவளைப் பார்த்தது. விழியும் வளையமும் அப்படியே. அவள் கையிலிருந்த உளியை வைத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, ஒரு ஈரத்துணியை அதன்மேல் போர்த்தினாள். அன்றிலிருந்து வீட்டுக்குப் போகும் முன் அந்தத் துணியைப் போர்த்திவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

வாலின் மேல்கவட்டில் இரண்டு வெட்டுப் போல ஓரம் போயிருந்தது. கிளீட்டஸ் முளை அடித்தபோது இதுவும் பெயர்ந்திருக்கும் என்று அவள் முடிவு செய்தாள். மீனை வைக்கப்போகும் புதிய காட்சிக்கூடத்தின் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அருங்காட்சியக இயக்குநர் இரண்டு முறை வந்து பார்த்து, “வால் மட்டும் முழுசா இருந்தா கண்ணுக்கு நல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மங்கை கல்மாவும் பிசினும் குழைத்து, கல்லின் நிறம் கூட்டி, அந்த இரண்டு இடத்தையும் நிரப்பினாள். செதில் கோடுகளைக்கூட ஊசியால் கீறினாள். அவளுக்கே மறுநாள் அது எந்த இடம் என்று தேட வேண்டியிருந்தது. அவ்வளவு நல்ல வேலை.

திறப்பு விழாவுக்கு மிக்கேல்துறையிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கிளீட்டஸ் வெள்ளை வேட்டியில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தன் பெயர் எழுதிய இடத்தைக் காட்டினான்.

“லேய், பல லட்சம் வருசமாம். அப்பம் உனக்க பாட்டனுக்குப் பாட்டனுகூட கெடையாது.”

“குழம்பு வைக்க ஒக்குமா?” என்றான் ஒருவன்.

“உனக்க பல்லு தாங்கினா வையி.”

கூட்டம் மறுபக்கம் நகர்ந்த பிறகு ஒரு பெண் தனியாக வந்து பெட்டியருகே நின்றாள். நாற்பது வயதிருக்கும். வெளுத்த நீலப் புடவை. கழுத்தில் தாலியும் ஜெபமாலையும். கிளீட்டஸ் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் வெகுநேரம் மீனையே பார்த்தாள். மங்கை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க.”

“வேண்டாம் எக்கா.” அவள் கண்ணாடியில் கை வைத்தாள். “கண்ணு அப்பிடியே இருக்கு. கடலு இப்பிடி எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்குமா?”

“எல்லாத்தையும் இல்லம்மா. அபூர்வமா எதையாவது ஒண்ணை.”

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். பிறகு கிளீட்டஸ் வந்து கதவருகே நின்று, கேட்காமலே சொன்னான்.

“அது எனக்க அண்ணன் ததேயுசுக்க பெண்டாட்டி, கார்மேலி. அவன் மூணு வருசத்துக்கு மின்ன வள்ளத்தோட ஓடிப்போனான். வள்ளம் எங்க ரெண்டு பேருக்கும் சேந்தது. அன்னைக்குக் காத்தும் இல்ல, மழையும் இல்ல, கடலு எண்ணெய் ஊத்தினமாதிரி கெடந்துது. மின்னாள் ராத்திரி எனக்கும் அவனுக்கும் சண்டை. கொச்சிப் பக்கம் அவனக் கண்டதா ஒருத்தன் சொன்னான்.”

“அந்தம்மா என்ன சொல்றாங்க?”

“வருவாருன்னு சொல்லுவா. செத்தவங்களுக்கு வைக்க பூசை வைக்கவும் விடமாட்டா, ஓடிப்போனான்னு சொல்லவும் விடமாட்டா. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல, உங்கப்பா அங்க புது வீடு கட்டியாச்சான்னு கேக்குதாவளாம். என்ன செய்ய. அவன் செஞ்சது.”

அவன் குரலில் கோபத்தைவிட வேறொன்று இருந்தது. மங்கைக்கு அது என்னவென்று பிடிபடவில்லை.

மீனைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். அதற்கு இன்றைய விளமீனின் எலும்புக்கூடு ஒன்றோடு ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் மங்கை முந்தானையை மூக்கில் பிடித்துக்கொண்டு வடசேரிச் சந்தையின் மீன் வரிசைக்குள் நுழைந்தாள்.

“வா மக்களே, விளமீனு பாரு, இப்பம் வந்தது. குழம்புக்கா, பொரிக்கவா?” என்றாள் மீன்காரி.

“எலும்புக்கு.”

“என்னது?”

“வேகவச்சு எலும்பை மட்டும் எடுத்துப்பேன். சதை பூனைக்கு.”

மீன்காரி பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். “பூனைக்க யோகம். எடுத்துக்கோ.”

மங்கை குனிந்தாள். தட்டில் இருந்த மீன்களின் வால்களில் வெட்டு இருந்தது. ஒன்றில் நேராக ஒரு வெட்டு. இன்னொன்றில் கீழ்க்கவட்டில் மூன்று. மற்றொன்றில் வால் நடுவே ஒரு பொத்தல்.

“இதெல்லாம் எதனால? எலி கடிச்சுதா?”

“எலியா? நல்லா கேட்டா. இது தூண்டில்காரங்களுக்க அடையாளமாக்கும். கரைக்கு வந்தா எல்லாருக்க மீனும் ஒரே ஐஸ் பெட்டியிலதான் கெடக்கும். எது எவன் பிடிச்சதுன்னு எப்பிடித் தெரியும்? தூண்டிலில இருந்து எடுத்த உடனே கத்திய வச்சு வால்ல ஒரு கீறு. ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு வெட்டு. ஏலம் கூறுதவன் அதப் பாத்துதான் பேரு விளிப்பான்.”

மங்கை மீன் வாங்காமலே நிமிர்ந்தாள். “எலும்பு வேண்டாமா?” என்று பின்னால் யாரோ கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மீனை எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தாள். எதைச் சேர்த்தாலும் பிறகு எடுக்க முடிகிறதாகத்தான் சேர்க்க வேண்டும் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். பஞ்சில் கரைப்பானை நனைத்து வாலின் மேல் ஒற்றினாள். அவள் கீறிய செதில்கள் குழைந்து பஞ்சோடு வந்தன. அடியில் இரண்டு வெட்டுகளும் தெளிந்தன. நுண்ணோக்கியில் பார்த்தாள். கல் உடைந்தால் ஓரம் சில்லுச் சில்லாகப் போகும். இங்கே ஒவ்வொரு செதிலும் ஒரே கோட்டில் அறுபட்டிருந்தது. இது கல்லில் விழுந்த அடி அல்ல. சதையில் விழுந்த கத்தி. மீன் கல்லாவதற்கு முன்பே ஒரு மனிதன் இதைக் கையில் பிடித்திருக்கிறான்.

அறையில் மீண்டும் அந்த ஈர வாடை எழுந்தது போலிருந்தது. இம்முறை அவள் ஜன்னலுக்குப் போகவில்லை.

தொலைபேசியில் கிளீட்டஸைக் கூப்பிட்டாள்.

“ஒண்ணு கேக்கணும். உங்க கரையில, வாலோட மேல்பக்கம் சாய்வா ரெண்டு வெட்டு. அது யாரோட அடையாளம்?”

மறுமுனையில் அவன் கடலின் இரைச்சலை விட்டுத் தள்ளிப் போவது கேட்டது.

“அத ஏன் கேக்கிய, மேடம்?”

“சொல்லுங்க.”

“அது எனக்க அண்ணனுக்க வெட்டு.”

உறைமணல் திட்டத்தின் விஞ்ஞானி டாக்டர் தாணுலிங்கம் நாகர்கோவிலில்தான் இருந்தார். மெலிந்த மனிதர். மங்கை மேசைமேல் வைத்த மீனை அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இது உறைமணல் இல்லியே. இவ்வளவு கெட்டியா வராது.”

“மணல் மட்டும் இருந்தா வராது. நடுவுல ஒரு உடம்பு இருந்தா?”

அவர் மீனை ஒரு தரம் புரட்டிப் பார்த்தார். “அந்த நுண்ணுயிருக்குத் தீனி வேணும். அழுகுற பொருள்தான் அதுக்குத் தீனி. எது அழுகத் தொடங்குதோ அதைச் சுத்தித்தான் மொதல்ல உறையும். அங்க அது பெருகுற வேகத்துல சதை கெட்டுப்போறதுக்கு முன்னாலயே... ஆமா. கல்லாயிடலாம். ரெண்டு மூணு வருஷம் போதும்.”

“நீங்க தூவின இடத்துல ஏன் பிடிக்கல?”

“வெறும் மணல். தின்ன ஒண்ணுமில்ல.”

“மிக்கேல்துறையில மட்டும் ஏன் பிடிச்சுது?”

தாணுலிங்கம் எழுந்துபோய்த் திரையில் திட்டின் படத்தை வரவழைத்தார். ஒலி அலையை அனுப்பி எடுத்த படம். நடுவில் நீளமாக, இருண்டு, இரு முனையும் கூம்பிய ஒரு கரு. “இதைப் பழைய பாறைன்னு எழுதிவச்சோம். இதுலயிருந்துதான் திட்டு வளரத் தொடங்குச்சு.” விரலால் அந்த வடிவத்தின் ஓரமாகக் கோடு இழுத்தார். விரல் பாதியில் நின்றது. “வள்ளத்தோட அளவு” என்றார் மெல்ல.

மங்கை ததேயுசைப் பற்றி அவரிடம் சொன்னாள். வள்ளத்தில் கப்பல் தட்டியிருக்கலாம். அவனுக்கு நெஞ்சு வலித்திருக்கலாம். அதைக் கல் சொல்லவில்லை. அவனும் அவன் பிடித்த மீன்களும் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கடல் உறைந்தது என்பதை மட்டும் சொன்னது. பாலில் விழுந்த உறை போல. ஓர் ஊர் அதன் பின்னால் மூன்று மழைக்காலம் பயமில்லாமல் தூங்கியிருக்கிறது. அதே ஊர் அவனை ஓடுகாலி என்றது.

“நான் அறிக்கை எழுதியாகணும்” என்றார் தாணுலிங்கம். “எழுதினா தோண்டச் சொல்லுவாங்க. ஆனா அந்தக் கருவை எடுத்தா திட்டு நிக்காது. அடுத்த மழைக்கே இடியும். கரையில அத்தனை வீடு.” கண்களைத் துடைத்துக்கொண்டார். “எழுதாம விடவும் மனசு வரல்ல. நீங்க சொல்லுங்க.”

“நாம ரெண்டு பேரும் சொல்ல வேண்டியது இல்ல சார். கேக்க வேண்டியவங்க ஒருத்தங்க இருக்காங்க.”

கார்மேலியும் கிளீட்டஸும் ஒரே பேருந்தில் வந்திருக்க வேண்டும். ஆனால் தனித்தனியாக உள்ளே நுழைந்தார்கள். பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள். மங்கை இருவருக்கும் தேநீர் கொடுத்தாள். பிறகு மீனைத் துணியோடு கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

“முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன். இந்த வால்ல வெட்டு இருந்துச்சு. இவர் கல்லை அடிச்சப்ப உடைஞ்சதுன்னு நினைச்சு அதைப் பூசி மறைச்சேன். அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பார்த்த வால் என் கைவேலை. நல்லவேளை, நாங்க எதை ஒட்டினாலும் திரும்ப எடுக்கிற மாதிரிதான் ஒட்டுவோம். எடுத்துட்டேன். பாருங்க.”

துணியை விலக்கினாள்.

கிளீட்டஸ் எழுந்து நின்றுவிட்டான். கார்மேலி கட்டை விரலை வெட்டின் மேல் வைத்தாள். விரல் அந்தச் சாய்வின் வழியே இறங்கியது, திரும்ப ஏறியது.

“இடப்பக்கம் சரிஞ்சு இருக்கு” என்றாள்.

“இடங்கையன்லா அவன்” என்றான் கிளீட்டஸ். அவனுடைய அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “கரையில வேற ஒருத்தனுக்கும் இப்பிடி விழாது.”

மங்கை எல்லாவற்றையும் சொன்னாள். மீன் எப்படிக் கல்லாயிற்று, திட்டு எங்கிருந்து வளர்ந்தது, அதன் நடுவில் எது இருக்கிறது. சுற்றி வளைக்காமல், ஆனால் மெதுவாகச் சொன்னாள். கார்மேலி அழவில்லை. மீனின் மேலிருந்து கையையும் எடுக்கவில்லை.

“அப்பம் அவரு எங்கயும் போவல்ல” என்றாள்.

“போகலம்மா.”

“நான் காலையில முற்றம் தூத்தம்போது பாத்துக்கிட்டே நிப்பேனே, அங்கதான் இருந்தாரா?”

“அங்கதான்.”

கிளீட்டஸ் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். தோள்கள் குலுங்கின. “மைனி, கொச்சியில கண்டேன்னு சொன்னவன் குடிச்சிருந்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நானும் ஆமா போட்டேன். சண்டைக்க கோவம். அதோட, அவன் எங்கயாவது உசிரோட இருக்கட்டுன்னும் ஒரு நெனப்பு. ஊருல ஒவ்வொருத்தங்கிட்டயும் நானே சொன்னேன்.”

மூன்று வருடத்துக்குப் பிறகு கார்மேலி அவனிடம் பேசினாள். குரலில் கசப்பில்லை. களைப்பு மட்டும் இருந்தது.

“இவங்க ஒட்டினத இவங்க எடுத்துட்டாவ, கிளீட்டசு. நீ ஒட்டினத நீதான் எடுக்கணும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தோண்டுவதைப் பற்றி மங்கை கேட்டாள். தோண்டினால் உடல் கிடைக்கும், திட்டு போகும் என்பதையும் சொன்னாள். கார்மேலி வெகுநேரம் ஜெபமாலையை விரல்களில் உருட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தரம், “கிட்ட வச்சு அடக்கணும்னு ஆசைதான்” என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு நிமிர்ந்தாள்.

“வேண்டாம் எக்கா. எத்தன வீட்டுப் பிள்ளைய அந்தத் திட்ட நம்பி உறங்குது. எனக்க பிள்ளையும் அங்கதான் உறங்குது. அவரு நிக்கட்டு. அந்த சாருகிட்ட சொல்லுங்க, எழுதுததை எழுதட்டு. தோண்டண்டாம்னு அவருக்க பெண்டாட்டி சொன்னான்னும் சேத்து எழுதட்டு.”

எழுந்தவள் கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். மீனின் கண்ணைப் பார்த்தாள்.

“இன்னும் ஒண்ணு. இந்த மீனு கண்ண முழிச்சுக்கிட்டே கெடக்கே. அவரும் அங்க இப்பிடித்தான்...” முடிக்க முடியவில்லை.

மங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மனதுக்குள் தன் ஈசனை நினைத்துக்கொண்டாள். பொய் சொல்லக் கூடாது, கைவிடவும் கூடாது.

“மீனுக்கு இமை கிடையாதும்மா. அதுக்கு மூடத் தெரியாது. மனுஷனுக்கு சாமி இமை கொடுத்திருக்காரு.”

கார்மேலி அப்போதுதான் அழுதாள்.

மீனை அடக்கம் செய்யக் கார்மேலியிடம் கொடுக்க அருங்காட்சியகத்தின் இயக்குநர் முதலில் இசையவில்லை. மங்கை வாதாடவில்லை. வெட்டு விழுந்த வாலை நுண்ணோக்கியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்துவிட்டு எழுந்து, “எப்ப எடுத்துட்டுப் போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

மிக்கேல்துறையில் ஏலம் நடக்கும் நேரம் அது. வள்ளங்கள் வந்திருந்தன. கரையில் ஊரே நின்றது. கிளீட்டஸ் அன்று தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தான். ஐஸ் பெட்டியிலிருந்து ஒவ்வொரு மீனாக எடுத்து வாலைப் பார்த்துப் பெயர் கூவினான். பெட்டி காலியானதும், பின்னால் நின்றிருந்த மங்கையிடமிருந்து துணி சுற்றிய கல்லை வாங்கினான். பிரித்து, மற்ற மீன்களைத் தூக்குவது போலவே வாலைப் பிடித்து உயர்த்தினான்.

“மேக்கவட்டில ரெண்டு வெட்டு” என்று கூவினான். கரை அடங்கியது. “இடங்கை வெட்டு. ததேயுசுக்க மீனு. ததேயுசு ஓடிப்போவல்ல. நான் சொன்னது பொய்யி. அவனுக்க மீனு கரைக்கு வந்தாச்சு.”

வயதான தூண்டில்காரர் ஒருவர் முன்னால் வந்து வெட்டைத் தொட்டுப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வந்து தொட்டார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை கார்மேலியின் புடவையைப் பற்றிக்கொண்டு நின்றாள். தொட்டுவிட்டுப் போனவர்கள் அவள் தலையிலும் கை வைத்துவிட்டுப் போனார்கள்.

மீனைச் சிறிய பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். பங்குச் சாமியார் செத்தவர்களுக்கான ஜெபம் முழுவதையும் ஒரு வரி விடாமல் சொன்னார். மூடுவதற்கு முன் மங்கை, யாரிடமும் கேட்காமல், அந்தப் பழைய ஈரத்துணியை மீனின் கண்ணின் மேல் போர்த்தினாள்.

தாணுலிங்கத்தின் அறிக்கை மேலே போயிற்று. கார்மேலி சொன்னதும் அதில் இருந்தது. தோண்ட வேண்டாம் என்றே உத்தரவு வந்தது. திட்டைக் கடக்கும் வள்ளங்கள் இப்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துடுப்புப் போட்டு, சத்தமில்லாமல் கடக்கின்றன.

அடுத்த மழைக்காலம் முடிந்து தாணுலிங்கம் திட்டை அளக்க வந்தார். அளந்துவிட்டு நேராகக் கார்மேலியின் வீட்டுக்கு வந்தார். மங்கையும் அன்று அங்கே இருந்தாள். அவர் வாசலில் நின்று தயங்கினார்.

“புரியாத ஒரு விஷயம். நீரோட்டம் தெக்கே போவுது. தீனி இருந்தா தெக்கேதான் இருக்கணும். திட்டு தெக்கே வளரணும். ஆனா ஆரம்பத்துல இருந்தே கரைப்பக்கமாத்தான் வளர்ந்துகிட்டு வருது. பழைய படங்களையும் வச்சுப் பாத்தேன். நேரா இந்த வீட்டைப் பாத்து வருது. எனக்குக் காரணம் சொல்லத் தெரியல்ல.”

கார்மேலி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடலில் திட்டின் மேல் நுரை எழும்பி அடங்குவதைப் பார்த்தாள்.

“வருவாருன்னு நான் அப்பவே சொன்னேனே” என்றாள். “மெதுவா வரட்டு. இனி என்ன அவசரம்.”